லிஃப்ட் இன்ஸ்பெக்டரும் ஆறு குப்பிகளும்

முதலில் வலது காலணியின் நுனியை மட்டும் உள்ளே வைக்கிறார். லிஃப்ட்டின் தரையும் வெளித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதை அந்த நுனிதான் அவருக்குச் சொல்லும். பிறகு கழுத்தை நீட்டி மேலே பார்க்கிறார். மூடிக்கொண்டு வரும் கதவின் இடுக்கில் உள்ளங்கையைக் கொடுத்து, அது மரியாதையாகத் திரும்பித் திறக்கிறதா என்று பார்க்கிறார். அபாய மணியை ஒருமுறை அழுத்துகிறார். எங்கோ கீழே மணி அடித்து, காவலாளி ஒருவர் அரக்கப்பரக்க ஓடிவரும்வரை காத்திருக்கிறார். அதற்குள் பின்னால் நிற்கும் நாலு பேருக்கு முகம் கடுகடுத்துவிடும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. "அவசரம்னா படியில போங்க. படி உங்கள ஏமாத்தாது," என்பார்.

வயது ஐம்பத்தேழு. லிஃப்ட்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக இன்ஸ்பெக்டர். எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ஒரு கோடு கிரீஸ் மிச்சமிருக்கும். கட்டடக் காவலாளிகள் மத்தியில் அவருக்கு 'எங்க-காட்டு' என்று பெயர். "போன வாரம்தான் சர்வீஸ் பண்ணோம் சார்" என்றால், "எங்க, காட்டு" என்பார். "கயிறு புதுசு சார்" என்றாலும் அதேதான். "நேத்து எங்கப்பா தவறிட்டாரு சார்" என்று ஒருவன் லீவுக்குக் காரணம் சொன்னபோதும் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அவர் அதை மறுப்பதில்லை. மனைவியின் தம்பி அவரை நேருக்கு நேராகவே 'சந்தேகப் பிராணி' என்பான். ஏதோ பட்டம் கொடுத்ததுபோல அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்.

வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டின் தேதியைப் பார்ப்பார். அந்தத் தேதி அழித்து எழுதப்பட்டதா என்று நகத்தால் சுரண்டியும் பார்ப்பார். மழை வரும் என்று செய்தியில் சொன்னால், யார் சொன்னது என்பார். மனைவிக்கு ஒரு சலவைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து மேசை. வருகிற துணிகளை வாங்கி, பையெல்லாம் துழாவிப் பார்த்து, சீட்டு எழுதிப் போடுவது அவள் வேலை. இருபது வருடமாக அடுத்தவர் பையில் கைவிட்டுப் பழகிய அந்தக் கை, வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்காது. அவர் கழற்றிப் போடும் சட்டையின் பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடும். ஆக, ஒருவரை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருபத்தொன்பது வருடம் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியவர்கள்.

குடியிருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. அவர் ஏறமாட்டார், ஏனென்றால் அதற்குச் சான்று கொடுத்தது வேறொரு இன்ஸ்பெக்டர். இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, அவருடைய சந்தேகம் நேராகப் படிக்கட்டின்மேல் போனது. ராத்திரியோடு ராத்திரியாக யாரும் படியை உயர்த்திக் கட்டிவிட முடியாது என்று சொல்லிப் பார்த்தாள் மனைவி. அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டேப்பை எடுத்துக்கொண்டு எழுபத்திரண்டு படியையும் அளந்தார். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறி அளந்தார்.

"படியில ஒரு தப்பும் இல்ல," என்று மேலே வந்து சொன்னபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"அப்போ தப்பு உங்ககிட்டதான் இருக்கு. சட்டையப் போடுங்க, கிளம்பலாம்," என்றாள்.

தப்பு அவரிடம்தான் இருந்தது. இதயத்தின் இடது பக்கத்தில் ஒரு வால்வு வருடக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கீற்றளவுதான் திறந்துகொண்டிருந்தது. நெஞ்சைத் திறந்து அதை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றைப் பொருத்தினார்கள். புது வால்வு டிக் டிக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் சிலருக்குப் பெரிய தொந்தரவாக இருக்குமாம். இவருக்கு அது ஒன்றுதான் பிடித்திருந்தது. "வேலை செய்யுறேன்னு அதுவே சொல்லிடுது பாரு. யாரையும் கேட்க வேண்டியதில்ல," என்று பெருமைப்பட்டார்.

அதற்குப் பிறகுதான் வந்தது வினை. வால்வு சரியாகிவிட்டது, மூச்சுத் திணறல் முழுசாகப் போகவில்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை என்றார் டாக்டரம்மா. இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கையில பட்டையக் கட்டிப் பாத்தீங்க. நூத்திருபது, நார்மல்னீங்க. இப்போ பிரஷர் இருக்குங்கறீங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு பிரஷரா?"

"ஆமா சார். இது நுரையீரல் குழாய்ல இருக்கிற பிரஷர். கையில கட்டுற பட்டைக்கு அது தெரியாது."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

"துல்லியமா பாக்கணும்னா இதயத்துக்குள்ள குழாய் விடணும். ஸ்கேன்ல ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்லலாம். மூணு வாரம் மருந்து எடுத்துட்டு வாங்க. அப்போ ஸ்கேன் பண்ணி உங்களுக்கே காட்டுறேன்."

"கதவ மாத்தியாச்சு. அப்புறமும் எதுக்கு வாசல்ல கூட்டம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வருஷக்கணக்கா கூட்டம் நின்ன இடம் சார். குழாய்ச் சுவரே இறுகிப்போச்சு. கதவ மாத்தின உடனே அது தளர்ந்துடாது. சில பேருக்குத் தளராமலே இருந்துடும். அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி உங்க இதயத்தோட வலது பக்கம் களைச்சுப்போயிருக்கு. அதோட பாரத்தைக் குறைக்கத்தான் இந்த மருந்து. மூச்சு வழியா இழுத்தா நேரா வேண்டிய இடத்துக்குப் போகும். ஆபரேஷன் முடிஞ்சு நீங்க மயக்கத்துல இருந்தப்பவும் மூச்சுக்குழாய் வழியா இந்த மாதிரிதான் குடுத்தோம்."

மயக்கத்தில் இருந்தபோது நடந்த எதையும் அவர் நம்பத் தயாராக இல்லை. "வலது பக்கம் ரொம்பக் களைச்சுட்டா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த அளவுக்கு விடக்கூடாது சார். ஆளுக்கே ஆபத்து. அதனால ஒரு வேளைகூட விடாதீங்க. திடீர்னு நிறுத்தினா பிரஷர் எகிறிடும்," என்றார் டாக்டரம்மா. அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

மருந்தோடு ஒரு கருவியும் வந்தது. கைக்கு அடக்கமானது, ஒரு பக்கம் வாயில் வைக்கிற குழல், மறுபக்கம் மருந்து ஊற்றுகிற கிண்ணம். பொத்தானை அழுத்தினால் முனகும். மூச்சை இழுத்தால் பச்சை விளக்கு எரியும். மருந்து ஆவியாக உள்ளே போகும். கிண்ணம் காலியானதும் உள்ளங்கையில் ஒரு அதிர்வு. ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு ஆறு வேளை. எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுத்த சிஸ்டர், பழகிக்கொள்ள ஒரு பட்டை உப்புத் தண்ணீர்க் குப்பிகளைக் கொடுத்தார். "முதல்ல இதுல பழகிக்கோங்க சார். மருந்து விலை ஜாஸ்தி, இருமித் துப்பிடாதீங்க." சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் குப்பிகள். மருந்துக் குப்பியும் அதே அளவு, அதே உருவம். சீட்டு மட்டும் வேறு.

அந்த ஒற்றுமை அவர் கண்ணில் படாமல் இருக்குமா? மருந்துக் குப்பி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் இல்லை. முகர்ந்தார். வாசனை இல்லை. ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டு ஆட்காட்டி விரலால் தேய்த்தார். பிசுபிசுப்பு இல்லை.

"இது தண்ணி," என்றார்.

"தண்ணிக்கா இவ்வளவு பெரிய டப்பா?"

"டப்பா பெருசா இருந்தாலே சந்தேகப்படணும்."

"நீங்க டப்பா சின்னதா இருந்தாலும் சந்தேகப்படுவீங்க. வாயத் திறங்க."

முதல் வாரமே இருமல் வந்தது. முகம் குப்பென்று சிவந்தது. தலைவலி. மெல்லும்போது தாடையில் ஒரு வலி. இதெல்லாம் இந்த மருந்துக்கு வரும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். இவர் விடவில்லை. "மருந்து நுரையீரலுக்குத்தானே? தாடைல அதுக்கு என்ன ஜோலி?" என்று கருவியைப் பார்த்தே கேட்டார். கண்ணுக்குத் தெரியாத பிரஷருக்குக் கண்ணுக்குத் தெரியாத மருந்து. இதில் எங்கோ யாரோ அவரை முட்டாளாக்குகிறார்கள் என்ற எண்ணம் மனதில் நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டது. எனக்கு அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் எல்லோரும் அவரிடம் 'எல்லாம் சரியா இருக்கு சார்' என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்குப் பாதி சரியாக இருந்ததில்லை.

மனைவி ஒரு மாதம் லீவு போட்டுவிட்டாள். ஆறு வேளையும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் மருந்தைச் சந்தேகப்பட்டார் என்றால், அவள் அவரைச் சந்தேகப்பட்டாள். பச்சை விளக்கு எரிகிறதா, ஆவி வருகிறதா, கடைசி அதிர்வு வந்ததா என்று மூன்றையும் பார்த்த பிறகே எழுந்திருப்பாள். காலிக் குப்பிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு எண்ணுவாள். குப்பியைத் திறப்பதை மட்டும் அவர் அவளிடம் விடவில்லை. "நான் திறந்தாத்தான் எனக்குத் தெரியும்," என்பார். அதற்கு மட்டும் அவள் விட்டுக்கொடுத்தாள். அங்கேதான் கோட்டைவிட்டாள்.

லிஃப்ட்டில் 'சேஃப்டி' என்று ஒன்று உண்டு. கயிறு அறுந்தால், பெட்டி கீழே பாயாமல் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும் இரும்புத் தாடைகள். பார்வைக்கு எல்லாத் தாடையும் நல்ல தாடைதான். அது பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, பெட்டியை வேகமாகக் கீழே இறங்கவிட்டு, நடுவில் தாடையைத் தட்டிவிட்டுப் பார்ப்பது. நின்றால் சான்று, நழுவினால் பூட்டு. இன்ஸ்பெக்டர் இதைச் சில ஆயிரம் முறை செய்திருப்பார். பிடிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு வேதம்.

ஒரு நாள் மருந்தை விட்டுப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்தது அப்படித்தான். பிடிவாதமோ அலட்சியமோ இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி அதுதான்.

ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். பழகக் கொடுத்த பட்டையில் உப்புத் தண்ணீர்க் குப்பிகள் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு வேளையும் மருந்து டப்பாவிலிருந்து ஒரு குப்பியை எடுப்பார். அது அப்படியே சட்டைக் கைக்குள் போகும். சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்து உப்புத் தண்ணீரைத் திறப்பார். முப்பது வருடம் அடுத்தவர்களின் தில்லுமுல்லைப் பிடித்தவருக்குத் தில்லுமுல்லு செய்யச் சொல்லித்தரவா வேண்டும்? திறக்காத மருந்தைத் தூக்கி எறிய மட்டும் மனம் வரவில்லை. சோதனையில் எடுத்த சாமானை எறியக் கூடாது, அது சாட்சி. சட்டைப் பையில் வைத்தால் மனைவியின் கை கண்டுபிடித்துவிடும். வேலைக்குக் கொண்டுபோகும் பெரிய உலோக டார்ச்சின் அடிமூடியைத் திருகி, மூன்று பேட்டரிகளையும் வெளியே எடுத்துவிட்டு, அந்தக் குழாய்க்குள் குப்பிகளைப் போட்டு, அவை ஆடிச் சத்தம் போடாமல் ஒரு கைக்குட்டையைத் திணித்து மூடினார்.

காலை ஆறு மணி வேளை முடிந்தது. கருவி வழக்கம்போல முனகியது. பச்சை விளக்கு வழக்கம்போல எரிந்தது. ஆவி வந்தது, கடைசியில் அதிர்வும் வந்தது. மெஷினுக்கே வித்தியாசம் தெரியவில்லை! இருமல் வரவில்லை. ஒன்பது மணி வேளைக்கும் முகம் சிவக்கவில்லை. தலைவலியும் இல்லாததால் காலை உணவை நிதானமாக மென்று சாப்பிட்டார்.

"என்ன, இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு?" என்றாள் மனைவி.

"மருந்து பிடிச்சுக்கிச்சு போல," என்றார்.

அவள் உடனே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், உங்க மாமாவுக்கு மருந்து வேலை செய்யுதுடா. முகத்துல களை வந்துடுச்சு," என்று பால்கனியில் நின்று சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை இவர் உள்ளேயிருந்து பார்த்தார். ஆனாலும் சொல்லவில்லை.

மூன்று மணி வேளைக்குப் பிறகு செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தபோது, ஒரு வரியின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை வாசிக்க வேண்டியிருந்தது. வாக்கியம் நீளம் என்று சந்தேகப்பட்டார். மாலை ஆறு மணிக்குப் படுக்கையில் ஒரு தலையணை போதவில்லை. இரண்டு வைத்துக்கொண்டார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் அது சோதனையே இல்லை என்று ஆறாவது வேளையையும் உப்புத் தண்ணீராகவே இழுத்து முடித்தார். ஜாடியில் ஆறு காலிக் குப்பிகள் விழுந்தன. மனைவி எண்ணிப் பார்த்தாள், சீட்டைப் படிக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது.

மறுநாள் காலை, முதல் வேளை மருந்துக்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் முடிந்தது. இன்னொரு காலுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. மனைவி தோளைப் பிடித்து நிமிர்த்தியபோது உதடு கறுத்திருந்தது. "நேத்து..." என்று ஆரம்பித்தார். மேலே பேச மூச்சு இல்லை. மூச்சு இல்லை என்பது பாதி உண்மை. சொல்ல வாய் வரவில்லை என்பது மீதி.

ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்ட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அந்த நிலையிலும் காலுறை போட்ட காலை நீட்டி வாசல் தரையைத் தொடப் பார்த்தார். "இப்பவுமா?" என்று மனைவி அந்தக் காலை இழுத்து உள்ளே வைத்தாள். அவர் கையைக் காட்டி ஏதோ கேட்டார். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு திறந்து கிடந்த வீட்டுக் கதவோரம் ஆணியில் தொங்கிய டார்ச்சைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில என்ன, கரண்ட் இல்லாமயா கெடக்கு?" என்று அழுதுகொண்டே திட்டிவிட்டு, அதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவசர அறையில் ஆக்ஸிஜன் முகமூடி மாட்டி, விரலில் கிளிப் போட்டார்கள். டாக்டரம்மா ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சில் பசையைத் தடவி, கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வலது பக்கம் நல்லா வீங்கியிருக்கு. பிரஷர் ஏறியிருக்கு. மருந்து ஏதாவது வேளை விட்டுப்போச்சாம்மா?"

"ஒண்ணுகூட விடல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத வச்சுத்தான் நான் அடுத்து என்ன செய்யணும்னு முடிவெடுக்கணும்."

மனைவி நிமிர்ந்து நின்றாள். "யோசிக்க ஒண்ணுமே இல்ல டாக்டர். ஆறு வேளையும் எதிர்லயே உக்காந்திருந்தேன். என் கண்ணால பாத்தேன். இவரு ஆயிரம் சந்தேகப்படுவாரு, ஆனா மருந்துல ஏமாத்தல. இதுக்கு நான் பொறுப்பு."

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "அப்போ இந்த மருந்து இவருக்குப் போதல. கழுத்து வழியா ஒரு குழாய் விட்டு, நாள் பூரா ஓடுற மாதிரி மருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா லேசுல நிறுத்த முடியாது. ரிஸ்க்கும் இருக்கு. வேற வழியில்ல," என்றவர், கதவுப் பக்கம் திரும்பி நர்ஸிடம் எதையோ தயார் செய்யச் சொன்னார்.

கதவு மூடாமலே மூடியதாக லிஃப்ட்டை நம்பவைக்கச் சிலர் கதவுச் சுவிட்சில் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பழுதான கதவைச் சரிசெய்யாமலே பெட்டியை ஓட்ட அது ஒரு குறுக்கு வழி. அப்படி ஒருவனைப் பிடித்தபோது இன்ஸ்பெக்டர் அடிக்கவே போய்விட்டார். "நீ பொய் சொன்னது எங்கிட்ட இல்லடா. அந்த சுவிட்சுகிட்ட சொல்லியிருக்கே. அத நம்பித்தான் பெட்டி நகருது!" என்று கத்தினார். முகமூடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவருக்கு இப்போது அந்தக் கத்தல் அப்படியே காதில் கேட்டது. பெட்டி நகர ஆரம்பித்துவிட்டது. மனைவியின் வார்த்தையை நம்பி நகர்கிறது. அவள் வார்த்தையில் கம்பியைச் சுற்றியது அவர்.

எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் தோளை அழுத்தினார். அவர் கட்டிலோரத்தில் இருந்த பையை எட்டி இழுத்து, டார்ச்சை வெளியே எடுத்தார். அடிமூடி முதலில் திருகவில்லை, பிறகு திருகியது. கைக்குட்டை வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் குப்பிகள் வெள்ளைப் போர்வையில் விழுந்தன. ஆறும் முழுசாக இருந்தன. சீட்டு மேலே தெரியும்படி விரலால் ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தார்.

முகமூடியை இறக்கினார். "நேத்து போட்டது... உப்புத் தண்ணி," என்றார். "அவளுக்குத் தெரியாது."

அவருடைய வால்வுச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. டாக்டரம்மா ஒரு குப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கையமர்த்தினார். "சார், இத நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கி, கோபத்தை விழுங்கிக்கொண்டார். "சரி. முதல்ல அதே மருந்தைக் குடுத்துப் பாக்கலாம். இந்தக் குப்பிங்க வேண்டாம், ஸ்டாக்லேர்ந்து புதுசு எடுத்துட்டு வாங்க."

மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"டெஸ்ட் பண்றப்ப உள்ள ஆள் ஏறக் கூடாதுன்னு வாசல்ல கயிறு கட்டிட்டு நிப்பேன்னு வந்து வந்து கதை சொல்வீங்களே. நேத்து டெஸ்ட் பண்றப்ப உள்ள யாரு இருந்தா?"

"நான்தான்," என்றார்.

"நீங்க மட்டுமா?"

அவள் திரும்பிப்போய்க் கதவோரமாக, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். இருபத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு பொருளைச் சந்தேகப்படாமல் விட்டதில்லை. தன் வார்த்தையை யாரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததும் இல்லை. இனிமேல் அவள் எதை நம்புவாள், அவர் சொல்கிற எந்த 'ஆமா'வை நம்புவாள் என்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. மூச்சுத் திணறலைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

புதுக் குப்பி வந்தது. நர்ஸ் திறந்து ஊற்றினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டச் சொல்லவில்லை. குழலை வாயில் வைத்துக்கொண்டு இழுத்தார். விளக்கு எரிந்தது. நாலாவது இழுப்பில் இருமல் வந்தது, முகம் சிவந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தார். பத்து நிமிஷத்து வேலை இருபது நிமிஷம் ஆனது. கதவோரம் நின்றவள் ஒருமுறையும் திரும்பவில்லை.

கருவி அதிர்ந்து நின்றது. டாக்டரம்மா கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் நெஞ்சில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார். முன்னே எடுத்த படத்தையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புருவம் கொஞ்சம் தளர்ந்தது.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்களே சார், காட்டு காட்டுன்னு. இதுதான் உங்க நுரையீரல் பிரஷர். இது மருந்துக்கு முன்னாடி, இது பின்னாடி. நீங்களே பாருங்க," என்று திரையை அவர் முகத்துக்கு நேரே திருப்பினார்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. விரலில் கிளிப் மாட்டியிருந்த கையை மெல்லத் தூக்கி, திரையின் ஓரத்தைப் பிடித்து, மனைவி நின்ற பக்கமாகத் திருப்பிவிட்டார்.